பத்துக்கு இரண்டு

அத்தியாயம் 11

காகிதத்துக்கு வாய் இல்லை என்று யார் சொன்னது? டாலிவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருப்பது காகிதம் மட்டும்தான். மனிதர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

செட்ரிக்குக்குச் சரக்கு லாரி நிறுவனத்தில் பதவி உயர்வு வந்ததும், கூடவே மூன்று ஊர்களின் பெயர் வந்ததும் நமக்குத் தெரியும். மினியாபொலிஸ், டாலஸ், ஷார்லட். ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். மூன்றும் வேண்டாம் என்று செயின்ட் லூயிஸிலேயே இருந்துவிட்டாலும் வேலை போகாது. இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் தலை நரைக்கும், அவ்வளவுதான்.

ஊரைப் பொறுக்க அவன் கண்டுபிடித்த வழிதான் அந்தக் காகிதங்கள். ஒவ்வொரு பெருநகர வட்டாரத்திலும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு இணையதளம் ஒன்று பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. செட்ரிக் மூன்று ஊர்களையும் அச்செடுத்து, நல்லதுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மற்றதுக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டி, பக்கம் பக்கமாக ஒட்டிவிட்டான். நான்காவதாக, ஒப்புக்கு, சொந்த ஊரின் பட்டியலும் இருந்தது. அதில் அவர்கள் மகள் அமாயா படிக்கும் ஹார்லன் பள்ளிக்கு எதிரே சிவப்பில் ஒரு 2.

அதே ஹார்லனில்தான் அவன் மனைவி ரோஷெல் பத்தொன்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறாள்.

சனிக்கிழமை காலை காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடியவள், டாலஸின் மேலேயே வைத்துவிட்டாள்.

"ஏய், ஏய், ரோ! கறை படியும்."

"படியட்டும். டாலஸ்தான் நமக்கு இல்லைன்னு நேத்தே முடிவாயிடுச்சே."

"அது வேற. இதப் பாரு." அவன் கோப்பையைத் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தான். "பிர்ச் லேக். மினியாபொலிஸ்ல இருந்து இருபது நிமிஷம். பத்துக்கு ஒம்பது. ஷார்லட்ல நமக்குக் கட்டுப்படியாகிற இடத்துல ஆறுதான் வருது. ஒரே வருஷம், ஒரே அளவுகோல், எல்லா ஊருக்கும் பொது. தராசுல வெச்ச மாதிரி."

"தராசை யாரு புடிச்சிருக்கா?"

"கணக்கு டீச்சர் பேசுற பேச்சா இது?"

"கணக்கு டீச்சர்ங்கிறதாலதான் கேக்குறேன். அந்த ரெண்டுக்குள்ளதான் நான் பத்தொம்பது வருஷமா வேலை பாக்குறேன், செட்."

"உன்னை யாரு சொன்னா? நான் பள்ளிக்கூடத்தைச் சொல்றேன்."

"பள்ளிக்கூடம்னா என்ன, செங்கல்லா? நான்தானே."

செட்ரிக் பென்சிலை எடுத்து பிர்ச் லேக்கைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டான். ஜாதகக் கட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தம் பார்க்கிறவனிடம் பெண்ணின் குணத்தைப் பற்றிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு லுட்விக் சார் வர்றாரு. மினியாபொலிஸ் கிளைக்கு அவர்தான் தலைவர். இங்கயே பொறந்து வளந்தவரு. போர்க் ஸ்டேக் சாப்பிட்டு நாலு வருஷம் ஆச்சுன்னு அவராக் கேட்டு வர்றாரு. சாப்பாடு முடிஞ்சதும் நான் பதில் சொல்லணும்."

"உன் பதிலா, நம்ம பதிலா?"

"ரோ, அமாயாவுக்கு இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கு. ரெண்டுல படிச்சவன் வாழ்நாள் பூரா என்ன பாடு படுவான்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அதைச் சொன்னபோது அவன் குரல் இறங்கிவிட்டது. ரோஷெலுக்குக் கோபம் பாதியில் நின்றது.

செயின்ட் லூயிஸில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி பெயர் அல்ல, தொழில் அல்ல. "எந்த ஹைஸ்கூல்?" என்பதுதான். நம் பக்கத்தில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வளைத்துக் கேட்டு எதைத் தெரிந்துகொள்கிறார்களோ, அத்தனையையும் இவர்கள் அந்த ஒரே கேள்வியில் கறந்துவிடுவார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் வேலைக்கான நேர்காணலில், அப்போது இந்த ஊர்க் கிளையில் இருந்த லுட்விக் செட்ரிக்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஹார்லன் என்று சொல்ல வேண்டியவன், "செயின்ட் பெர்ட்ராம்" என்று சொல்லிவிட்டான். பணக்கார வீட்டுப் பையன்கள் கோட்டு மாட்டிக்கொண்டு படிக்கிற பள்ளி. மூன்றாம் அத்தியாயத்தில் அவன் வாயாலேயே கேட்டோம். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவன் பெர்ட்ராம்காரன். வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் உண்மை தெரியும்.

லுட்விக்கும் பெர்ட்ராம்காரர். பதவி உயர்வுப் பட்டியலில் செட்ரிக்கின் பெயர் மேலே போனதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று செட்ரிக் நம்புகிறான். தப்பாகவும் இருக்காது.

ஆனால் ஹார்லனுக்கு விழுந்த அந்த இரண்டைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று ரோஷெலுக்குத் தெரியும். ஏப்ரல் மாதத்திலிருந்து அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடமாடுகிறாள். ஒவ்வொரு தடவை அவன் அந்தச் சிவப்பு எண்ணை விரலால் தட்டும்போதும் அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

*

கறிக்கடைக்குப் போகிற வழியில் அமாயா காரின் முன்பக்கத் தட்டில் ஒரு காகிதத்தை வைத்தாள். பள்ளியின் விவாத அணியில் இருக்கிறவள். வீட்டுக்கு வந்தாலும் அணியைக் கலைப்பதில்லை.

"உங்கப்பாவுக்குத்தான் காகிதப் பைத்தியம்னு நெனச்சேன். உனக்குமா?"

"அப்பா ஊருக்கு ஊரு ஒப்பிட்டுப் பாக்குறாரு. நான் நம்ம ஊருக்குள்ளயே ஒப்பிட்டேன். அம்மா, போன வருஷம் ஹார்லன் அஞ்சு. அதுக்கு முந்தின வருஷமும் அஞ்சு. இந்த வருஷம் மட்டும் ரெண்டு. படியில இறங்கினா ஒவ்வொண்ணாத்தானே இறங்குவாங்க? இது யாரோ மாடியில இருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கு."

ரோஷெல் சிவப்பு விளக்கில் நின்றாள். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாநிலத்தோட பட்டியல்ல கடைசில ஒரு பத்தி இருக்கு. யாரும் அதுவரைக்கும் நகத்திப் பாக்க மாட்டாங்க. 'மதிப்பெண் வழங்கப்படவில்லை'ன்னு தலைப்பு. ஹார்லனுக்கு நேரா நூத்திநாப்பத்திமூணு. அந்த இணையதளம் என்ன பண்ணியிருக்குன்னா, மதிப்பெண் இல்லாதவங்க எல்லாரையும் தேறாதவங்க கணக்குல சேத்துடுச்சு. நான் உள்பட."

"ம்."

"மத்த எழுபது பள்ளிக்கும் அந்தப் பத்தியில பூஜ்யம். அம்மா, அன்னைக்கு சைரன் ஊருக்கே அடிச்சது. எழுபது பள்ளியும் வராந்தாவுலதான் உக்காந்துச்சு. அந்த எழுபதுலயும் ஒருத்தன்கூட வாயத் தொறக்கலையா?"

பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

அந்த ஊரில் மாதத்தின் முதல் திங்கள் காலை பதினோரு மணிக்கு அபாயச் சங்கு ஒத்திகைக்காக ஊதும். யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். ஆனால் ஏப்ரல் கடைசியில், மாநிலத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாயன்று அது ஊதியபோது எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சூறாவளி. ஹார்லனின் தேர்வுப் பொறுப்பாளர் ரோஷெல்தான். நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளைக் கண்ணாடி ஜன்னல் இல்லாத நடு வராந்தாவுக்கு அழைத்து வந்து, சுவரைப் பார்த்து உட்கார வைத்து, தலைமேல் கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னாள். முப்பத்தெட்டு நிமிடம். முதல் பத்து நிமிடம் பயம். பிறகு காற்று கொஞ்சம் அடங்க, வாய்கள் திறந்தன. "பதினாலாவதுக்கு என்ன போட்ட?" "மைனஸ் மூணு." அந்த மைனஸ் மூன்று வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியதை அவள் நின்று கேட்டாள். அதட்டினாள். ஆனால் ஓடினது ஓடினதுதான்.

விதி தெளிவாக இருந்தது. நடுவில் வினாக்களைப் பற்றிப் பேச்சு நடந்தால் பொறுப்பாளர் எழுதி அனுப்ப வேண்டும். அவள் எழுதினாள். தலைமையாசிரியை அவள் மேசைக்கே வந்து, "ஊர்ல யாரும் எழுதப் போறதில்ல ரோஷெல், நீ மட்டும் ஏன்?" என்று கேட்டாள். ரோஷெல் அதற்குள் உறையை ஒட்டியிருந்தாள். மாநிலம் நூற்று நாற்பத்து மூன்று விடைத்தாள்களையும் செல்லாது என்று அறிவித்தது. மறுதேர்வு கேட்டாள், தேதி முடிந்துவிட்டது என்றார்கள். மூன்று முறை எழுதிக் கேட்டாள், மூன்று முறையும் அதே பதில்தான்.

கறிக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இத்தனையையும் மகளிடம் சொன்னாள். இயந்திரத்தை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

அமாயா தட்டிலிருந்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் பேசலம்மா. தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும். உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துட்டுமா என்னோடதையும் சேத்தே?"

"உன்னை மட்டும் எப்படிடி தனியா எடுத்து வெப்பேன்? டீச்சர் பொண்ணு, அதனால இவ பேசலன்னு எழுதுறதா? யாரு நம்புவா? மொதல்ல நானே நம்பியிருக்க மாட்டேன்."

அமாயா அழுவாள் என்று ரோஷெல் பயந்தாள். அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"உங்கப்பா என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். ஊரே சும்மா இருக்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேப்பாரு. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இருக்கு. ஆனா அவர் அதைக் கேட்டாருங்கிறத நான் எப்படி மறப்பேன், சொல்லு?"

அமாயா காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இன்னைக்கு அந்த ஆளு எங்கிட்ட எந்த ஹைஸ்கூல்னு கேட்டா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"உன்னை யாரு மாத்திச் சொல்லச் சொன்னா?"

"அப்பா. நேத்து. 'அவர் கேட்டா ஏதாவது சொல்லி மழுப்பிடு'ன்னாரு."

"அப்படியா சொன்னாரு?" என்று ரோஷெல் கேட்டாள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவை வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். போர்க் ஸ்டேக் என்று இந்த ஊர் கொண்டாடுகிற பன்றிக்கறித் துண்டை அன்று அவள் பேரம் பேசாமல், தடிமன் பார்க்காமல் வாங்கியது கறிக்கடைக்காரனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

ஐந்து மணிக்குச் சரியாக லுட்விக் வந்தார். அறுபது வயது, சிவந்த முகம், எடுத்த எடுப்பிலேயே சிரிப்பு. ஒரு கையில் தெற்குப் பக்கத்து அடுமனையின் வெண்ணெய்க் கேக். இன்னொரு கையில் ஒரு காகிதப் பை.

"மொதல்ல இது!" பைக்குள்ளிருந்து கருநீலத் தொப்பி ஒன்றை எடுத்தார். 'செயின்ட் பெர்ட்ராம் பழைய மாணவர்' என்று பொன்னிற நூலில் தைத்திருந்தது. அவரே அதைச் செட்ரிக்கின் தலையில் வைத்து, எட்டி நின்று பார்த்தார். "அடடா, என்ன பொருத்தம்! ஏம்ப்பா, மோரன் பாதிரியார் உனக்கும் லத்தீன் எடுத்தாரா? எனக்கு இன்னும் கனவுல வர்றாரு, பிரம்போட."

"அவரை யாரு மறப்பா சார்," என்றான் செட்ரிக்.

இப்படி ஒரு பொய்யை வாயில் வைத்துக்கொண்டு பதினோரு வருடம் எப்படித்தான் சாப்பிட்டானோ என்று ரோஷெல் நினைத்தாள். கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகமாக வந்தது. தொப்பியின் விளிம்புக்குக் கீழே அவன் நெற்றி வியர்த்திருந்தது, அடுப்புச் சூட்டினால் மட்டும் அல்ல.

பின்கட்டுப் புல்வெளியில் மேசை போட்டிருந்தது. வானொலியில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. செட்ரிக் கரியடுப்பில் கறியைப் புரட்டிப் புரட்டிக் சாஸைத் தடவினான். லுட்விக் முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மினியாபொலிஸ்ல கறிக்கடையில போய் போர்க் ஸ்டேக்னு கேட்டா முழிக்கிறானுங்கம்மா. அது என்னன்னு என்கிட்டயே கேக்குறான். நல்ல ஊருதான், குத்தம் சொல்ல முடியாது. ஏரி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா திங்கத் தெரியாத ஜனம்." கையைத் துடைத்துக்கொண்டு அமாயாவைப் பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று வீட்டார் மூன்று பேருக்கும் தெரியும். "நீ சொல்லும்மா. எந்த ஹைஸ்கூல்?"

அடுப்பருகே செட்ரிக்கின் கை நின்றது.

"ஹார்லன்," என்றாள் அமாயா.

"ஹார்லனா?" லுட்விக் புருவத்தைத் தூக்கினார். பிறகு நல்ல மனிதர்கள் இரங்கல் சொல்லும்போது தலையைச் சாய்ப்பார்களே, அப்படிச் சாய்த்தார். "அதான் செட்ரிக் இவ்வளவு அவசரப்படுறான். புரியுது. பத்துக்கு ரெண்டு, இல்ல? கவலைப்படாதம்மா. ஜனவரிக்குள்ள பிர்ச் லேக் போயிடுவ. அங்க ஒம்பது."

"நான் கவலைப்படல சார்."

"கெட்டிக்காரி! என் பேத்தியும் உன் வயசுதான். கிளேர்னு பேரு. இங்கதான், கிளென்மோர்ல படிக்கிறா. கிளென்மோர் பத்துக்குப் பத்து, உனக்கே தெரியும். ஆனா பத்துலயும் பிள்ளைங்க பிள்ளைங்கதான்! போன ஏப்ரல்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" அவருக்குச் சொல்வதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. "மாநிலப் பரிட்சை நடக்கும்போது சைரன் அடிச்சுச்சாம். எல்லாரையும் வராந்தாவுல உக்கார வெச்சாங்களாம். இதுங்க என்ன பண்ணுச்சுங்க? சுவரைப் பாத்துக்கிட்டே மொத்தக் கேள்வியையும் பேசி முடிச்சிருச்சுங்க! திரும்பிப் போய் எழுதுறது ஒண்ணுதான் பாக்கியாம். கிளேர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. வாத்தியாருங்க எல்லாம் வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்களாம்."

அவர் மட்டும் சிரித்தார்.

அமாயா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.  சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. சும்மா பார்த்தாள்.

ஆறு மாதம் அடக்கி வைத்தது ரோஷெலுக்கு அப்போது தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்புகூட அவள் பேசுவதாக இல்லை. கணவனின் நாள் இது, கெடுக்கக் கூடாது என்றுதான் உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"ஹார்லன்லயும் அதே நாள், அதே சைரன்தான் மிஸ்டர் லுட்விக். எங்க பிள்ளைங்களும் பேசினாங்க. நான்தான் அங்க பொறுப்பாளர். நான் வானத்தைப் பாக்கல. எழுதி அனுப்பினேன்."

"என்னத்தை?"

"நடந்ததை. நூத்திநாப்பத்திமூணு பேப்பர் செல்லாமப் போச்சு. அதுல இவ பேப்பரும் ஒண்ணு. இவ பேசவே இல்ல, அது எனக்குத் தெரியும், அப்படியும் போச்சு. நீங்க சொல்றீங்களே, பத்துக்கு ரெண்டுன்னு? அந்த ரெண்டை யாரோ எங்களுக்குப் போடல. நான் போட்டேன். என் கையெழுத்துல."

செட்ரிக் இடுக்கியோடு அப்படியே நின்றான்.

"ரோ... நீயா?"

"நான்தான்."

"ஏப்ரல்லயே?"

"ஏப்ரல்லயே."

லுட்விக் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "ஏம்மா, ஊரே சும்மா இருந்துச்சே? உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

ஆறு மாதமாக ரோஷெல் பயந்த கேள்வி அது. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கேட்டது மட்டும் வேறொரு வாய். அவள் தன்னையறியாமல் செட்ரிக்கைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன் வாயிலும் அதே கேள்விதான் கிளம்பி வந்து, நாக்கு நுனியில் நின்றிருக்கிறது என்பதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை அவனும் பார்த்தான்.

"காலையில பரிட்சை தொடங்கும்போது உறுதிமொழியில கையெழுத்துப் போட்டேன்," என்றாள் ரோஷெல். "எழுபது பள்ளியிலயும் போட்டாங்க. நான் போட்டது நெஜமாப் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

வானொலியில் யாரோ பந்தை வேலிக்கு வெளியே அடித்துக் கூட்டம் கத்தியது. அமாயா எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க," லுட்விக் இரண்டு கையையும் விரித்தார். "உங்க நேர்மைய நான் மதிக்கிறேன். ஒரு வருஷம் அப்படி ஆயிருக்கலாம். ஆனா பொதுவாச் சொல்றேன், பள்ளிக்கூடம்னா பள்ளிக்கூடம்தாம்மா. மனுஷனை வார்க்கிற அச்சு அது. இதோ உங்க வீட்டுக்காரர். எதுக்கு இவனை நான் தேர்ந்தெடுத்தேன்? ஒரு தடவை சொன்னா ஒரு தடவைதான், வாக்கு மாற மாட்டான். பெர்ட்ராம் வார்ப்பு! இவனை மாதிரி ஒருத்தன் ஹார்லன்ல இருந்து வருவானா, நீங்களே சொல்லுங்க?"

 அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சீறியது. செட்ரிக் இடுக்கியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். துணியில் கையைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மேசையில் லுட்விக்கின் தட்டுக்கு அருகே வைத்தான்.

"வந்தான் சார்."

"என்னது?"

"ஹார்லன்ல இருந்துதான் வந்தான். தொண்ணூத்தெட்டுல. செயின்ட் பெர்ட்ராம்ல நான் படிக்கல சார். ரெண்டு கோடை அங்க மைதானத்துல புல்லு வெட்டினேன். அதனால கட்டடம் தெரியும், மணி அடிக்கிற நேரம் தெரியும். மோரன் பாதிரியார் ஒரு தடவை எனக்கு எலுமிச்சை சர்பத் கொண்டாந்து குடுத்தாரு. நல்ல மனுஷன். லத்தீன் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"செட்ரிக்..." என்றார் லுட்விக்.

"இருங்க சார், முழுசாச் சொல்லிடறேன். நீங்க கேட்டப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. ஹார்லன்னு சொன்னா நீங்க முகத்தை எப்படி வெச்சுக்குவீங்கன்னு தெரியும். இப்ப எம் பொண்ணு சொன்னப்ப வெச்சீங்களே, அதே முகம். நான் பதினோரு வருஷம் பொய் சொன்னேன். இவ," ரோஷெலைக் காட்டினான், "பெத்த பொண்ணோட பேப்பரையும் சேத்துக் கிழிச்சுப் போட்டுட்டு உண்மையச் சொல்லியிருக்கா. எனக்கு இதுதான் தெரியாமப் போச்சு. எந்தத் தராசுல எதை நிறுத்தேன்னு நெனச்சா வெக்கமா இருக்கு."

ரோஷெலுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. விருந்தாளி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

லுட்விக்கின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. சிரிப்பு இல்லாமல் பார்த்தால் அது வேறு ஒருவருடைய முகமாகவே இருந்தது. தொப்பியை எடுத்தார், பொன்னிற எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார், திரும்ப மேசையிலேயே வைத்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். கேக்கை யாரும் வெட்டக்கூட இல்லை.

பக்கவாட்டுக் கதவு வரைக்கும் செட்ரிக் கூடவே போனான். அங்கே போய் அவர் நின்றார்.

"தொண்ணூத்தெட்டா?"

"ஆமா சார்."

"திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஊர்க் கிளையிலதான் இருப்பேன். உன் பதிலோட வா." கார்ச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, செட்ரிக்கைத் தாண்டி ரோஷெலைப் பார்த்தார். "அம்மா, நீங்க எழுதி அனுப்பினதுக்கு நகல் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேன்."

"அதையும் குடுத்தனுப்புங்க."

"எதுக்கு?"

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் திரும்பிப் போனது. பின்விளக்கு இரண்டும் தெருமுனையில் மறையும் வரைக்கும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பாவை வேலையை விட்டுத் தூக்கறதுக்கா, இல்ல கிளென்மோரைக் கேள்வி கேக்கறதுக்கா?" என்றாள் அமாயா.

"தெரியலடி."

"உங்களுக்குப் பயமா இல்லையாப்பா?"

"இருக்கு," என்றான் செட்ரிக். "பதினோரு வருஷமா இருந்த பயம் இல்ல. இது புதுசு."

அவன் உள்ளே போனான். சாப்பாட்டு மேசை மேல் நான்கு ஊர்களும் வண்ணம் வண்ணமாக விரிந்து கிடந்தன. ஒட்டியிருந்த பசைத்தாளைப் பிரிக்காமலே மொத்தத்தையும் சுருட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளினான். ரோஷெல் சமையலறை இழுப்பறையைத் திறந்து, அலுமினியத் தாள் சுருளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து, காலியான மேசையில் வைத்தாள். ஆறு மாதமாக அவன் கறி சுற்றத் தாள் எடுக்கும்போதெல்லாம் கை பட்ட இடம்தான்.

அவன் நின்றபடியே படித்தான். இரண்டு பக்கம். கடைசியில் இருந்த கையெழுத்து வரைக்கும் படித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் படித்தான்.

"இதை அந்த மனுஷன்கிட்ட குடுக்கணுமா, ரோ? என்ன பண்ணுவாருன்னு தெரியாது. உன் வேலைக்கே உலை வெச்சாலும் வெப்பாரு. நீ வேண்டாம்னா நான் குடுக்க மாட்டேன்."

ரோஷெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த மேசையில் மனிதர் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"திங்கக்கிழமை போற வழியில நகல் எடுக்கிற கடை இருக்கில்ல?"

"இருக்கு."

"ஒண்ணு போதாது. பத்து எடு. அவருக்கு ஒண்ணு குடு. மீதி ஒம்பதை, அந்த இணையதளத்துல ஆரம்பிச்சு, எங்கெங்க கொண்டு போய்க் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."